பவுனம்மாளுக்குக் காட்டிய சைகை

எனக்கு நகம் வளர்ந்தாலே பிடிக்காது, சார். திருவானைக்காவல் முதியோர் விடுதியில் வேலைக்குச் சேரப் போனபோது சூப்பிரண்டு முதலில் பார்த்தது என் கைகளைத்தான். "சுத்தமான ஆளா இருக்கியே தைரியராஜு" என்று காது மிஷின்களை என்னிடம் ஒப்படைத்தார்.

சிகரெட் பெட்டி அளவு மிஷின். நெஞ்சருகே சட்டையில் மாட்டியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு ஒயர், காதில் செருகும் குமிழுக்குப் போகும். அந்தக் குமிழை நான் தினமும் கழுவ வேண்டும். ஓட்டையில் குறும்பி அடைத்திருக்கும், சிலருக்குச் சீழும் சேர்ந்து. சோற்றில் கை வைத்தால் அந்த வாடைதான். கரண்டியால் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் சமையல்கார இன்னாசிராஜிடம், "இந்தப் பொணங்க காத நோண்டியே என் ஆயுசு போயிடும்" என்று முணுமுணுத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பவுனம்மாள் சிரித்தார்.

"மிஷின் போட்டா குசுகுசுப்பும் கேக்குது தம்பி. எம்மவன் கூட்டிட்டுப் போக வரட்டும், சூப்பிரண்டுகிட்ட போட்டுக் குடுத்துட்டுத்தான் வண்டி ஏறுவேன்."

விளையாட்டுக்குச் சொன்னார் என்கிறான் இன்னாசிராஜ். இருக்கலாம். எனக்கு வேலை முக்கியம்.

அந்தம்மாவின் மகன் வீரமலைக்குக் கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. மாமியாருக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று மருமகளுக்கு மட்டும் ஒரு பயம். டாக்டர் பார்த்துச் சரி என்றால் அழைத்துப்போவதாக ஏற்பாடு.

நான் அந்தம்மாவுடைய குமிழின் ஓட்டையில் சோப்பைத் திணித்தேன். குறும்பியைத் திணித்திருக்கலாம். அந்த அளவுக்கு நான் அசிங்கமானவன் இல்லை.

"ஒண்ணுமே கேக்கலையே தம்பி" என்றார். பேட்டரியை மாற்றிக் காட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினேன். கேட்காதவர்களோடு விடுதியில் நாங்கள் கையால்தான் பேசுவோம். வாயருகே விரலைக் குவித்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்று அர்த்தம். வயிற்றைத் தடவினால், வெளிக்குப் போனீர்களா என்று. அந்தம்மா என் கையையே பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிட்டார்.

டாக்டர் வந்த அன்று வீரமலையும் வந்திருந்தான். "மிஷின் போயிடுச்சுப்பா" என்றார் அவனிடம். நான் அந்த மிஷினில் வேறொரு குமிழை மாட்டி, அவன் காதில் வைத்தேன். அவனுக்கு நன்றாகக் கேட்டது. "கொஞ்ச நாளா இப்படித்தாங்க சொல்லிட்டிருக்காங்க" என்றேன். பழைய குமிழையே திரும்ப மாட்டிவிட்டேன்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நான் விரலைக் குவித்தேன்.

"ரசஞ்சாதங்க" என்றார் பவுனம்மாள்.

"இது எந்த ஊரு?"

வயிற்றைத் தடவினேன். அந்தம்மா கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தி, "காலையிலயே போயிட்டேங்க" என்றார்.

வீரமலை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மறுவாரம் மெட்ராஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு வேன் ஏற்றினார்கள். கைலாசபுரத்துக்குத்தான் போகிறோம் என்று நினைத்துப் புதுச்சேலை கட்டியிருந்தார். வழி தெரியாத இடத்தில், பேச்சுத் துணையில்லாமல், சோறு தண்ணி இறங்காமல் செத்துப்போனாராம். அதற்கப்புறம்தான் அங்கே யாரோ குமிழைக் கழுவிப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் வந்தீர்கள்.

சோப்பு வைத்தது நான். கை காட்டியதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள், சார்: வேன் கிளம்பும்போது அந்தம்மா என் இரண்டு கையையும் பிடித்து, "நீ ஒருத்தந்தான்யா எங்கிட்ட பேசின" என்று அழுதார். அவருக்கே என்மேல் ஒரு குறையும் இல்லை.