பின்னணியில் யாரோ மூச்சு விடுகிறார்கள்

ஹெட்செட் வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை, மேடம். நானும் படிக்கவில்லை. முன்பக்கத்தில் 'சுற்றுப்புற இரைச்சலை அறவே நீக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 'அமைதியான அறையில் பயன்படுத்தவும்' என்று பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை என் கணவர் பிராங்கிளின் பிறகுதான் படித்துக் காட்டினார். அமைதியான அறை இருந்தால் நான் எதற்கு அதை வாங்கப்போகிறேன்?

எங்கள் வீடு ராயபுரத்தில் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், வந்து பார்த்தீர்கள். ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வாசலிலேயே வரிசை கட்டி நிற்கும். பிராங்கிளினுக்குத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பகலெல்லாம் மூன்றாவது மாடியில் நான் மட்டும்தான். பக்கத்து வீட்டில் லூயிஸ் அங்கிளும் ஆலிஸ் ஆன்ட்டியும்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு கால் சென்டர் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆன்லைனில் வகுப்பெடுக்கிறேன். என் பாடத்துக்கு எம்பதி என்று பெயர். போனில் அழுகிறவர், கத்துகிறவர், யாராக இருந்தாலும், அவருடைய கஷ்டம் நமக்குப் புரிகிறது என்று அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும். புரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. தெரியப்படுத்துவதுதான் பாடம். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே இயல்பாக வரும். சர்ச்சில் எந்தச் சாவு வீட்டுக்கும் முதலில் என்னைத்தான் அனுப்புவார்கள்.

ஹெட்செட்டைப் பற்றிக் கேட்டீர்கள். விலை குறைவு, வயர் கிடையாது, காதுக்கு மெத்தென்று இருக்கும். வகுப்பெடுத்துக்கொண்டே குழம்பைக் கிளறிவிட்டு வரலாம். எது இரைச்சல், எது பேச்சு என்று மட்டும் அதற்குத் தெரியாது. லாரி ஹார்னை அப்படியே அனுப்பும். கோயில் மணியை அனுப்பும். கீழே மீன் விற்கிற அம்மா 'வஞ்சிரம், சங்கரா' என்று கூவுவதை, அவர்தான் அன்றைக்கு டிரெயினர் என்பது போல, அத்தனை தெளிவாக அனுப்பும். என் குரலைத்தான் இரைச்சல் என்று நினைத்து அவ்வப்போது நீக்கிவிடும்.

என் மேலதிகாரி நர்மதா, வகுப்புகளைக் கேட்டு மார்க் போடுகிறவர். என்னைவிட வயதில் சின்னவர், மரியாதையான பெண். ஒருநாள் கூப்பிட்டார்.

"மெர்லின், உங்க கன்டென்ட் சூப்பர். லாரி, மணி, மீன் எல்லாம் கூட ஓகே. ஆனா பின்னணியில யாரோ மூச்சு விடறாங்க. கிளாஸ் முழுக்க. பசங்களுக்கு ஒரு மாதிரி இருக்காம்."

"அது பக்கத்து வீட்டு ஆக்சிஜன் மிஷின்."

"ஐயோ, பாவம். கண்டிப்பா புரியுது, மெர்லின். உங்க கன்ஃபர்மேஷன் ரிவ்யூ வருதில்லையா, அதுக்குள்ள அதைக் கொஞ்சம் சரி பண்ணிடுங்க."

கவனித்தீர்களா, மேடம்? முதலில் பாவம் என்றார். பிறகு புரியுது என்றார். அதற்குப் பிறகுதான் வேலையைச் சொன்னார். நான் சொல்லிக்கொடுக்கிற வரிசை அதுதான். ரிவ்யூவில் தேறாவிட்டால் பழையபடி பஸ் பிடித்து ஊரின் அந்தக் கோடிக்குப் போய், ராத்திரி ஷிப்டில் நானே போன் எடுக்க வேண்டும். எடுத்தவளுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

லூயிஸ் அங்கிள் ஹார்பரில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நுரையீரல் போய்விட்டது. கட்டில் பக்கத்தில் மிஷின், மூக்கில் டியூப். புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், பிறகு டொக் என்று ஒன்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவாக இருந்ததே இல்லை. சுவரில் காதை வைத்தால்தான் எனக்குக் கேட்கும். ஹெட்செட்டுக்குத்தான் உட்கார்ந்த இடத்திலேயே கேட்டது.

மறைமுகமாக நான் எதையும் ஆரம்பிக்கவில்லை. நேரில் போய்த்தான் கேட்டேன், கையில் பால்கோவாவோடு. மிஷினைச் சமையல்கட்டுப் பக்கம் நகர்த்த முடியுமா என்று.

"டியூப்பு எட்டாதேடி," என்றார் ஆலிஸ் ஆன்ட்டி. "அது அந்த மனுசன் மூச்சு வுடற சத்தம்டி. அது கேட்டுக்கினு இருந்தாத்தான் எனக்கு தூக்கமே வரும்."

அங்கிள் கட்டிலிலிருந்து சிரித்தார். அவர் எப்போதும் கிண்டல்தான். "இன்னாம்மா மெர்லின், உன் கிளாசுக்கு நான் பேஜாரா கீறேனா? அந்த நேரத்துக்கு மட்டும் வோணா நான் மூச்ச புடிச்சிக்கினு கீறேன், போ."

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், மேடம். யோசனையைச் சொன்னவர் அவர்தான்.

முதல் தடவை எங்கள் வீட்டு ஃப்யூஸ்தான் போனது. மீட்டர் எல்லாம் கீழே, மாடிப்படிக்கு அடியில். நான் இறங்கிப் போய் எங்கள் ஃப்யூஸ் கட்டையைக் கழற்றிச் சரி செய்தேன். பக்கத்திலேயே இன்னொரு கட்டை. மேலே வெள்ளைப் பெயின்டில் 'லூயிஸ்' என்று எழுதியிருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடும். இவ்வளவு சுலபமான ஒன்றை யாருமே பூட்டி வைக்கவில்லை.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் நர்மதா பேசினார். "மெர்லின், இன்னிக்கு ஆடியோ செம கிளீன். புது ஹெட்செட்டா?"

பழசுதான் என்றேன். பெருமையாக இருந்தது. வகுப்பு முடிந்த கையோடு கீழே போய்க் கட்டையை மாட்டிவிட்டேன், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. அவர்களிடம் கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. ஆன்ட்டி அதை மாற்றிவிடுவார். அது சத்தம் போடாது. இரண்டு வீட்டுக்கும் பாதகமில்லாத ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலமே, ஹெட்செட் வாங்கிய இடத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, பின்னணிச் சத்தம் துளியும் இல்லை என்று நாலு வரி எழுதிப் போட்டேன். நாற்பது பேருக்கு மேல் அது உபயோகமாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வகுப்பு இருக்கிற மத்தியானங்களில் மட்டும் கீழே போவேன். வகுப்பில்லாத நாளில் தொட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிடையவே கிடையாது.

பிராங்கிளின் என் பிறந்தநாளுக்கு நல்ல ஹெட்செட்டாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம், இதுவே நன்றாக வேலை செய்கிறது, வீண் செலவு எதற்கு என்றேன். அவர் என்னைப் பற்றி எல்லோரிடமும் சிக்கனமானவள் என்று சொல்வார். அது உண்மை.

ஆலிஸ் ஆன்ட்டிக்கு முழங்கால் வலி. மூன்று மாடி இறங்கி ஏற முடியாது. அங்கிளைத் தனியே விட்டுப் போகவும் மாட்டார். அதனால் மீட்டர் பக்கம் அவர் போனதே இல்லை. என்னிடம்தான் வந்து கேட்பார்.

"இன்னாடி இது அநியாயம்? நம்ம வூட்ல மட்டும் கரண்டு புட்டுக்கினு பூடுது. உன் வூட்ல லைட்டு எரியுது?"

"ஒரு ஃபேஸ் மட்டும் போகும் ஆன்ட்டி. உங்க வீடு அந்த ஃபேஸ்ல இருக்கு. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது," என்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார். கண் கலங்கிவிடும். மேடம், பாடத்தை எத்தனையோ பேருக்கு நடத்தியிருக்கிறேன். அது இவ்வளவு நன்றாகப் பலிப்பதை நேரில் பார்த்தது அப்போதுதான்.

கரண்ட் ஆபீசுக்குப் புகார் கொடுக்க வேண்டும், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றார். நான்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். நோயாளி இருக்கிற வீடு, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், உடனே கவனிக்கவும் என்று. உதவி என்று கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. அந்தப் புகாரை எடுத்துக்கொண்டுதான் லைன்மேன் ஒவைஸ் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். ஆனால் அவர் வருவதற்குள் ரிவ்யூ நாள் வந்துவிட்டது.

அன்றைக்கு நர்மதாவுக்கு மேலே இருக்கிறவர்களும் என் வகுப்பைக் கேட்க வந்திருந்தார்கள். தெரிந்த பாடம்தான். கீழே போய் வந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். பாதி வகுப்பில் கதவைத் தட்டினார்கள்.

காதில் மாட்டியிருந்ததால் எதுவும் கேட்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பிராங்கிளின் அப்படிச் சொல்லச் சொன்னார். அவருக்குப் பாவம், இந்தச் சாதனத்தைப் பற்றித் தெரியாது. அது என் காதுக்குப் போகிற எதையும் தடுக்காது. எல்லாமே கேட்டது.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். ஆலிஸ் ஆன்ட்டி தலை கலைந்து நின்றார்.

"மெர்லின், கரண்டு பூட்சுடி! சிலிண்டரும் இல்ல. அந்த மனுசன் ஒதடெல்லாம் நீலமா ஆய்கினு வருது. கீழ போயி யாரையாச்சும் இஸ்துகினு வாடி!"

நான் ஹெட்செட்டைத் தொட்டுக் காட்டினேன். ஒரு விரலைக் காட்டி, ஒரு நிமிஷம் என்றேன், சத்தம் வராமல். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு கதவை மெதுவாகத்தான் சாத்தினேன். அறைந்து சாத்தினேன் என்று ஆன்ட்டி சொல்லியிருந்தால் அது தவறு. அறைந்திருந்தால் ரிக்கார்டிங்கில் கேட்டிருக்கும்.

கதவைச் சாத்தியும் அவர் குரல் உள்ளே வந்தது. என் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு அங்கிளின் பெயரை. வகுப்பில் ஒரு பெண், அனிஷா என்று நினைக்கிறேன், "மேடம், அங்க யாரோ அழறாங்க," என்றாள்.

எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேலதிகாரிகள் வேறு. ஒரு டிரெயினர் தடுமாறக் கூடாத இடம் அது. நான் தடுமாறவில்லை.

"நல்லா கவனிங்க," என்றேன். "ரொம்ப கஷ்டத்துல இருக்கிற ஒரு கஸ்டமர் இப்படித்தான் பேசுவாங்க. நாம முதல்ல என்ன சொல்லணும்?"

எல்லோரும் மைக்கைத் திறந்து ஒன்றாகச் சொன்னார்கள்: "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது."

"அடுத்தது?"

"கொஞ்சம் லைன்ல இருங்க."

கொஞ்ச நேரத்தில் வெளியே அழுகை நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தில் பாக்கிப் பாடத்தை முடித்தேன். அதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல வகுப்பு அதுதான் என்று நர்மதா அங்கேயே சொல்லிவிட்டார்.

முடிந்ததும் எப்போதும் போலக் கீழே இறங்கிக் கட்டையை மாட்டினேன். ஆன்ட்டி கூப்பிட்ட ஆம்புலன்ஸ் தெருமுனையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தது. நான் மேலே ஏறி வரும்போது அவர்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது. ஆன்ட்டி டியூப்பை அங்கிளின் மூக்கில் திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் தோளில் கை வைத்தேன். அங்கிள் சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டேன்.

அடக்கத்துக்கு இட்லியும் காபியும் நான்தான் ஏற்பாடு செய்தேன். கல்லறையில் நிற்கும்போது நர்மதா போன் செய்து வேலை நிரந்தரமானதைச் சொன்னார். அந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்பதால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஒவைஸ் வந்தார். மீட்டரைத் திறந்து பார்த்தார். "லைன்ல கரண்ட் போவவே இல்ல ஆன்ட்டி," என்றார். "இந்தக் கட்டைய யாரோ தெனமும் கயட்டி மாட்டிக்கினு கீறாங்க. மத்ததெல்லாம் தூசியா கீது, இது மட்டும் பளபளன்னு கீது பாருங்க." ஆன்ட்டி அன்றைக்கு முழங்கால் வலியோடு மூன்று மாடியும் இறங்கி வந்திருந்தார். கட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுநாள் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

இப்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். சிலிண்டர் இருக்கிறது என்று நம்பித்தானே கட்டையைப் பிடுங்கினாய் என்று. நீங்கள் இரக்கத்தோடு கேட்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. ஆமாம் என்று சொன்னால் என் கேஸுக்கு நல்லது என்று வக்கீலும் சொன்னார். ஆனால் நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

அன்று காலையில், மாடிக்கே வருகிற பால்காரரிடம் பால் வாங்கும்போது, ஆலிஸ் ஆன்ட்டியை அவர் வீட்டு வாசலில் பார்த்தேன். அடிக்கடி கரண்ட் போனதில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, நிரப்பத் தண்டையார்பேட்டைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், சாயங்காலம்தான் வரும் என்றார். "அதுவரிக்கும் கரண்டு போவாம இருக்கணும்னு மாதாவாண்ட வேண்டிக்கோடி," என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

வேண்டிக்கொண்டேன், மேடம். கண்ணை மூடி, முழு மனசோடு வேண்டிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் கீழே இறங்கிப் போனேன்.