ஸ்டாண்டு இல்லாத வண்டி

...ஒரு சாண் கம்பி சார்! முழுசா ஒரு சாண்கூட இல்ல! அதுக்காவ ஒரு பொண்ணோட ரேசு வண்டிய செக்கிங்ல ஓரங்கட்டி நிக்க வெப்பியா நீ? இன்ஜின் ஓடலன்னு சொல்லு, ஒத்துக்கறேன். பிரேக்கு புடிக்கலன்னு சொல்லு, கால்ல வுழறேன். ஆயில் போல்ட்டுக்குக் கம்பி கட்டலையாம்! வண்டி வயித்துக்கு அடியில, நாய் படுத்துகினு பாத்தா மட்டும் தெரியற எடத்துல கீற போல்ட்டு. அத எவன் பாக்கப் போறான்?... சரி, நீ பாத்துட்ட. வுடு.

கிட்ட வந்து பேசலாம்னா கைய எடுக்க முடியல. வுட்டா வண்டி சாஞ்சிடும். ரேசு வண்டிக்கு ஸ்டாண்டு இருக்கக் கூடாதுன்னு அதையும் கழட்டிட்டா புண்ணியவதி. "தாத்தா, நான் போயி கம்பி வாங்கிட்டு வந்துருதேன், நீங்க கைய மட்டும் விட்டுராதிங்க"ன்னு சொல்லிட்டு ஓடுனா. அப்ப புடிச்சவந்தான். இப்ப இந்த வண்டிக்கு நாந்தான் சார் ஸ்டாண்டு. நீ டீ குடி. எனுக்கு வேணாம். எந்தக் கையால குடிக்கறது?

அந்த சைரன் ஊதுனா நீ மேசைய மடிச்சினு போய்டுவ, இல்ல? அதுக்குள்ள அவ வந்துடணும். உன் ஸ்டிக்கர் இல்லன்னா உள்ள வுட மாட்டானுங்க. அங்க பாரு, அந்த மேடைல, நீல சட்ட போட்டுகினு கத்துதுங்க பாரு ஒரு கூட்டம். எல்லாம் அவகூட லைன்ல வேல செய்யற பொண்ணுங்க. ஒரகடத்துல கார் சீட்டு செய்யற கம்பெனி. ஷிப்ட்டு மாத்தினு, லீவு போட்டுகினு வந்து கீதுங்க. அவுங்க சூப்பர்வைசர் இன்னா சொல்லிகீறான் தெரியுமா? "மாரிசெல்வி, வண்டி ஓட்டறது சீட்டு தைக்கற மாதிரி இல்ல, மொத வளைவுலயே மண்ணு கவ்வுவ"ன்னு. அவனும் அங்கதான் ஒக்காந்துகினு கீறான். கடல உருண்ட தின்னுகினு! அந்த ஆளு முன்னாடி இந்தப் பொண்ணு வண்டியே எடுக்காம திரும்பிப் போவணுமா சார்? மண்ணு கவ்வுனாக்கூட ஒரு மரியாத கீது. இது கம்பி கவ்வறது.

அவ எங்க வூட்டு மாடில குடியிருக்கா சார். சங்கரன்கோயில் பக்கம் சொந்த ஊரு. மரியஜோசப் வூட்டு மாடின்னு படப்பைல எவனக் கேட்டாலும் வழி சொல்லுவான். ஒருநாள் ஷிப்ட்டு முடிஞ்சி வரா, கூடவே ஒரு பழைய வண்டி. எவனோ காலேஜ் பையன் ஓட்டிக் களச்சிப் போட்டது. டாங்கு நசுங்கி, சீட்டு கிழிஞ்சி... மழைல நனைஞ்ச கோழி மாதிரி நின்னுச்சி. "இன்னாம்மா, கம்பெனி பஸ்ஸுதான் வாசலுக்கே வருதே, இது எதுக்கு?"ன்னேன். "டிராக்ல ஓட்டப் போறேன் தாத்தா"ன்றா. எம் பொண்டாட்டி அன்னபுஷ்பம் கைல இருந்த கரண்டியக் கீழ போட்டுட்டா. நா போடல. ஏன்னா எனுக்கு அந்த வித்த தெரியும்.

சிரிக்காத சார். நா ஓட்டாத வண்டியா? அந்தக் காலத்துல சுங்குவார்சத்திரத்துலேர்ந்து கெளம்புனேன்னா, ஸ்ரீபெரும்புதூர் வந்து எறங்கி, ஒரு பீடி பத்த வெச்சி, பாதி இழுத்தப்புறந்தான் என் நெழல் வந்து சேரும். மூச்சு வாங்கிகினு. தண்ணி கேக்கும். பொய்யின்னா இந்த வண்டி என் மேல சாயட்டும்!... ஆடுது, இரு... காத்து சார், காத்து. ஒரு வாட்டி எங்க தெருவுல ஒரு பொம்பளைக்கு இடுப்பு வலி. நெற மாசம். பின்னாடி ஒக்கார வெச்சி ஒரே முறுக்கு. ஆஸ்பத்திரில டாக்டரம்மா பாத்துட்டு, "இப்பதான் எட்டாம் மாசம், ஏன் அவசரப்பட்டு இட்டுனு வந்த?"ன்னு திட்டி அனுப்பிட்டாங்க. அவ்ளோ வேகம் சார்! திரும்பி வரும்போது மெள்ளமா வந்தேன், வூட்டு வாசல்ல கொழந்த பொறந்துச்சி.

அத வுடு. வண்டிக்கு வரேன்.

ரேசு வண்டி செய்யறதுன்னா ஏதோ புதுசு புதுசா மாட்டுவாங்கன்னு நெனச்சேன். எங்க மாட்டறா? கழட்டறா சார், கழட்டறா! ஞாயித்துக்கெழம ஆனா மாடிப்படிக்குக் கீழ ஒக்காந்துகினு, வெங்காயம் உரிக்கற மாதிரி. ஹெட்லைட்டு போச்சி. கண்ணாடி போச்சி. ஹாரன், இண்டிகேட்டரு, நம்பர் பிளேட்டு, பின்னாடி பொடவ சிக்காம ஒரு கம்பி வலை கீதுல்ல, அது. "இது வேணாம் தாத்தா, வெயிட்டு. இது வேணாம் தாத்தா, கீழ விழுந்தா ஒடஞ்சி குத்திரும்." சரி, வேணான்னா குடு. கழட்டறதெல்லாம் வூட்டுக்காரனுக்குன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. எதையும் வேஸ்ட்டாக்க மாட்டேன் சார் நான். அந்தக் கண்ணாடிலதான் இப்ப சவரம் பண்றேன். என்ன, நா இருக்கறத வுட கொஞ்சம் தூரமாத் தெரியறேன். பொடவ வலைய அடுக்களைல ஆணியடிச்சி மாட்டிட்டேன், அன்னபுஷ்பம் அதுல தட்டு கழுவி நிக்க வெக்கிறா. இண்டிகேட்டர் ரெண்டும் கிறிஸ்துமஸ் குடில்ல எரிஞ்சிச்சி. ஞானிங்க மூணு பேரும் மாட்டுக் கொட்டாய்க்கு லெஃப்ட்டுல திரும்பணும்னு பளிச் பளிச்னு... பங்குச் சாமியாரே நின்னு பாத்துட்டுப் போனாரு! ஹாரனத்தான் வாசல்ல காலிங் பெல்லா வெச்சேன். அது கொஞ்சம் தப்பாயிடுச்சி. பால்காரன் அமுக்குனான், எதிர் வூட்டு மாடு கயித்த அத்துகினு ஓடி, வண்டலூர்ல போயித்தான் நின்னுச்சி.

இன்ஜின் சூடாவாம இருக்க பச்ச கலர்ல ஒரு தண்ணி ஊத்துவாங்க இல்ல? அதையும் வடிச்சிட்டா. கீழ சிந்துனா வழுக்குமாம், வெறுந்தண்ணிதான் இருக்கணுமாம். உன் சட்டம் தான? அந்தத் தண்ணி கொஞ்சம் கொறவா கீற மாதிரி தெரிஞ்சிச்சி எனுக்கு. கோயில்ல சாமியார் மந்திரிச்சிக் குடுத்த தீர்த்தம் ஒரு பாட்டில் கெடந்துச்சி, ஊத்தி வெச்சேன்... ஏன் சார் எழுந்திரிக்கிற? ஒக்காரு. தண்ணி தான் சார் அது. மந்திரிச்சா ஆயிலாயிடுமா?

கூடமாட ஒத்தாச செஞ்சது பென்சன்னு ஒருத்தன். மறைமலை நகர்ல லேத்து வெச்சிகினு கீறான். இந்த போல்ட்டு தலைங்கள்ல எல்லாம் குறுக்க ஓட்ட போட்டவன் அவன்தான். நா பாத்துகினு இருந்தேன் சார். போல்ட்டு கல்லு மாதிரி. டிரில்லு ஒடையுது, இன்னொண்ணு மாட்டறான், அதுவும் ஒடையுது. "ஏன்டா, மூக்குத்தி போடப்போறியா?"ன்னேன். "தாத்தா, நீங்க கொஞ்சம் மேல போங்களேன்"ன்றான். என் வூட்டுல என்னைய! நா ஏன் நிக்கறேன் அங்க? போய்ட்டேன். அதுக்கப்புறம் ஓட்டைல அவன் மூக்குத்தி போட்டானோ, புல்லாக்கு போட்டானோ, நா பாக்கல. அதான் சொல்றேன், இந்தக் கம்பி விஷயத்துல பென்சன் மேல எனுக்கு ஒரு கண்ணு கீது. கட்டவே இல்லயோ இன்னவோ.

இன்னா? கட்டிக் கழண்டிருக்குன்றியா? ஓட்டைல தடம் தெரியுதா? அதையுமா பாப்ப நீ!

அப்ப எலி. எங்க வூட்டு எலி சாதாரண எலி இல்ல சார். போன வருசம் அன்னபுஷ்பத்தோட இரும்பு சட்டில கைப்புடி காணாமப் போச்சி... சரி, எலி கம்பி தின்னாது. அப்ப அந்த ஆரஞ்சு சட்டக்காரன். அவன் மூஞ்சப் பாரேன், கம்பி அறுக்கற மூஞ்சி. காலையிலேர்ந்து எங்க வண்டியவே சுத்தி சுத்தி வரான்... இன்னா? உன் ஆளா? உன்கூட செக்கிங்க்கு வந்தவனா? நல்ல மூஞ்சி சார். களையான மூஞ்சி.

எனுக்குத் தாங்காதது இன்னான்னா, நீ கம்பி எங்கன்னு கேட்டியா, வண்டிய என் கைல குடுத்துட்டு அவ குனிஞ்சி பாத்தா. நிமிந்தா. வண்டி மூக்க ஒரு பார்வ, என்னைய ஒரு பார்வ. "நான்தான் சார் கட்ட மறந்துட்டேன்"னு பட்டுனு ஒத்துக்கினா! மறக்கற பொண்ணா சார் அவ? மாடில கொழாய மூடுனோமான்னு தெரு முனையிலேர்ந்து திரும்பி வந்து பாத்துட்டுப் போறவ. அவ போயி மறப்பாளா? எனுக்கு வந்துச்சி பாரு கோவம்! தலையில ரெண்டு கொட்டலாம்னு பாத்தேன். கை ரெண்டும் இங்க கீது.

கண்ணுதான் சார். கண்ணு பட்டுடுச்சி. ஒரு பொண்ணு, தனியா, ஒண்ணுமில்லாத வண்டிய இப்பிடி மின்னற மாதிரி ஆக்கிட்டான்னா, பாக்கறவன் வயிறு எரியாதா? ஆனா அதுலயும் ஒரு குழப்பம். கண்ணு படறதுக்கு வழியே இல்லயே! அதுக்குத்தான நான்...

கொஞ்சம் கிட்ட வா. வர மாட்ட. சரி, அங்கருந்தே கேளு. அவகிட்ட சொல்லிடாத. இன்னிக்குக் காலையில அவ குளிக்கப் போன நேரம், ஒரு எலுமிச்சம்பழம், பச்ச மொளகா, கரித்துண்டு, கோத்து வண்டில கட்டிட்டேன்! வேதக்காரன்தான் சார் நான், ஞாயித்துக்கெழம பூச தவறாது. சாமி வேற, திஷ்டி வேற. இந்த ரேசு நம்பர் பலகைக்குப் பின்னாடி, ஹெட்லைட்டு இருந்த எடம் சும்மாதான கீது. உன் கண்ணுக்கே தப்பிச்சிடுச்சி பாத்தியா? இரு, காட்டறேன். இடுப்ப இப்பிடி முட்டுக் குடுத்துகினு... ஒரு கைய எடுத்து... ஆங். பாரு. எப்பிடி தொங்குது!

நூல்ல கட்டுனா காத்துல அத்துகினு பூடும். ரேசு வண்டி இல்ல? அதுக்கேத்த மாதிரி உறுதியா வேணும்னு தேடினேன். வூடு பூரா ஒரு கம்பி கெடைக்கல. அப்பிடியே குனிஞ்சி பாக்கறேன், ஆண்டவரே காட்டுன மாதிரி, வண்டிக்கடியிலயே ஒரு கம்பி. நல்லா பளபளன்னு, ரெண்டு இழையா முறுக்கி. இதுவும் கழட்டறதுதான், பொண்ணு மறந்துட்டாப்பல, வண்டிக்கு வெயிட்டு கொறையட்டும்னுட்டு, கட்டிங் பிளேயர எடுத்து டக்குனு...

...

சார்.

அது... அந்த... ஐயோ, சாயுது! புடி சார், புடி புடி! கால் மேல வருது!... அப்பாடி. நல்ல மனுசன்யா நீ. டீ கொட்டிடுச்சா? சட்டையிலயா? தொவச்சிக் குடுக்கறேன். அன்னபுஷ்பம் தொவைப்பா. வுடாத, அந்தப் பக்கம் நீ புடிச்சிக்கோ, இந்தப் பக்கம் நான். ஒரு ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு ரெண்டு ஸ்டாண்டு ஆயிடுச்சி இப்ப.

அப்பிடிப் பாக்காத சார். எனுக்கு எப்பிடித் தெரியும்? மாசக்கணக்கா ஒவ்வொண்ணாக் கழட்டித்தான குடுத்தா! ரேசு வண்டின்னா கழட்டறதுன்னு தான நெனச்சேன்! இப்பிடி ஒண்ணே ஒண்ணு புதுசா மாட்டுவான்னு எவன் கண்டான்? அந்த ஒண்ணத்தான் நா... இந்தா, இந்தக் கம்பியவே அவுத்துத் தரேன், கட்டிக்க. கூடாதா? முறுக்குனத திரும்ப முறுக்கக் கூடாதா? ஒடஞ்சி, போல்ட்டு கழண்டு, ஆயில் சிந்துனா பின்னாடி வரவங்கல்லாம் வழுக்கி...

அதுக்குத்தானா சார் அந்தக் கம்பி? அடப்பாவி மரியஜோசப்பு!

வரா சார்! அதோ, ஓடியாரா. கைல கம்பி மின்னுது, கெடைச்சிடுச்சி! சார், உன்னக் கெஞ்சிக் கேக்கறேன், சொல்லிடாத. எலின்னு சொல்லு. வேணாம், எலி வேணாம்... வாம்மா மாரிசெல்வி! வா வா, சார்கிட்ட பேசிட்டேன், தங்கமான மனுசன், வண்டியே புடிக்கறாரு பாரு. படு, படுத்து முறுக்கு. அவசரப்படாத. அவசரப்படு! சைரன் ஊதப் போறான். ரெண்டு சுத்து... ஆச்சா? சார், குனி. லைட்டு அடிச்சிப் பாரு. நல்லா பாரு... ஒட்டு! ஒட்டிட்டான்! ஒட்டிட்டான்யா ஸ்டிக்கர!

இன்னாம்மா, அங்க ஏன் கைய வுடற? பலகைக்குப் பின்னாடி ஒண்ணும் இல்லம்மா... என் சட்டப் பையில ஏன் வெக்கிற அந்தப் பழத்த?... பாத்துட்டியா? எப்ப? சார் கேட்டப்பவேவா! அப்ப ஏன் நீ மறந்துட்டேன்னு சொன்ன?

கேட்டியா சார் அவ சொல்றத? "சொல்லிருந்தா நீங்க பதறிப்போயி கைய விட்டுருப்பீங்க தாத்தா, பெறகு வண்டிய யாரு பிடிக்கிறது?"ன்றா! இந்த மூளைய வெச்சிகினு சீட்டு தைக்கிறா பாரு!

கொஞ்சம் இரும்மா, கெளம்பறதுக்கு முன்னாடி இத சக்கரத்துக்கடியில வெச்சி ஒரு நசுக்கு... கூடாதா சார்? எலுமிச்சச் சாறும் வழுக்குமா? ஆயிலுக்கு இன்னா சட்டமோ அதே சட்டமா இதுக்கும்? சரி. போம்மா, போ. அந்தக் கடல உருண்டக்காரன் வாய மூடிட்டு வா!

போய்ட்டா. கை ரெண்டும் இன்னும் வண்டி புடிச்சா மாதிரியே நிக்குது பாரு சார், எறங்க மாட்டேங்குது.

சைரன் ஊதிடுச்சி. நீயும் கெளம்பற. ஒரே ஒரு நிமிசம். இந்த எலுமிச்சம்பழத்த இப்பிடிக் கீழ வெக்கறேன். நா மிதிக்கக் கூடாது, கம்பிய அறுத்தவன் மிதிச்சா பலிக்காது. நீ சட்டம் தெரிஞ்சவன். உன் காலுதான் சுத்தம். ஒரு மிதி சார். எவனும் பாக்கல. உன் ஆளு, அந்த ஆரஞ்சு சட்டக்காரன்கூட அந்தப் பக்கம் திரும்பிகினு கீறான்.

அங்க கொடிய தூக்கிட்டான் சார்! சீக்கிரம்! தூக்கு கால... தூக்கு...

சளக்!

அடேங்கப்பா, பூட்ஸு நல்ல வெயிட்டு சார் உனுக்கு! மூஞ்சில தெறிச்சிடுச்சி, பரவால்ல, தொடைக்காத... பாரு! பாரு! மொத வளைவு வருது... சாயறா... சாயறா சார்... ஒருத்தனும் புடிக்காமயே நிமிந்துட்டா பாரு!