காயலோரக் கண்டலுக்குக் கூலி வாங்கித் தந்த சுலைஹா பீவி அவர்களுக்கு

சுக்கின் மணமும் மிளகின் காரமும் சுமந்துவரும் மட்டாஞ்சேரிக் காற்றிலே முப்பத்தாறு ஆண்டுகள் மூச்சுவிட்டும் ஒருமுறையேனும் முகம் சுளிக்காத உறுதியே! கணக்கில் கண்டிப்பே, கனிவில் கரைகாணாக் காயலே! பேசவேண்டியவரைப் பேசவைத்து, பேசவேண்டாதவரை ஒரே பார்வையில் பேச்சடக்கும் பேராற்றலே! மலைச்சரக்கு வணிகர் நலச் சங்கத்தின் செயலராய் அமர்ந்து, செயலே இல்லாதிருந்த சங்கத்தைச் செயல்பட வைத்த செம்மலே! இன்று பணி நிறைவு காணும் எங்கள் பெருமதிப்பிற்குரிய மூத்த சகோதரியாம் இத்தா, சுலைஹா பீவி அவர்களே! சங்கத்தின் அலுவலரும் கிடங்குப் பணியாளரும் கூடி நின்று கூறும் வணக்கத்தையும் சலாமையும் ஏற்றருள்க!

தங்களை நோக்கித் தொடங்கிய இம்மடல் இனித் தங்களைப் பாராமல் நடக்கும், பொறுத்தருள்க. முகத்துக்கு நேரே யாரேனும் புகழ்ந்தால், "பின்கதவு பூட்டியாச்சா?" என்று கேட்டபடி எழுந்து போய்விடுவது தங்கள் வழக்கம். சென்ற ஓணத்தன்று அப்படிப் போனவர் திரும்பி வரவேயில்லை. அவருக்கு வாங்கிய பூங்கொத்தை நாங்களே எங்களுக்கு வழங்கிப் படமும் எடுத்துக்கொண்டோம். ஆகவே அவையோரே, அவரைப் பற்றி உங்களிடம் சொல்கிறோம். பக்கத்தில் அமர்ந்து அவரும் கேட்டுக்கொண்டிருந்தால் அது தற்செயல்.

அவருடைய சேவைகள் யாவற்றையும் வரிசைப்படுத்தி எழுதித்தான் பார்த்தோம். இவ்வளவும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்காது, வேண்டுமானால் கதவாகச் செய்து தருகிறேன் என்று சட்டம் போடுபவர் கைவிரித்துவிட்டார். சுமைப்பணியாளருக்கு மருத்துவக் காப்பீடு கண்டது, பெண்களுக்கெனக் கழிப்பறை கட்டவைத்தது, அதன் சாவியைத் தலைவரிடமிருந்து மீட்டது ஆகிய வீரச்செயல்களை அதனால் விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கிடங்குகளுக்குப் பின்னால், காயலை ஒட்டி ஒரு புறம்போக்கு நிலம் இருப்பதை யாவரும் அறிவீர். அரசு நிலம் என்றால் யாருக்கும் உரிமையில்லாத நிலம் என்று பொருள் கொண்டு, கிழிந்த சாக்கையும் உடைந்த மரப்பெட்டியையும் கொண்டுபோய்க் கொட்டிய பெருந்தகையோர் வேறு யாருமல்லர், நாமேதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த நிலத்தில் அலையாத்தி எனப்படும் கண்டல் மரங்களை மீண்டும் வளர்க்க அரசு அலுவலகம் ஒன்று முன்வந்தது. உள்ளூர் இளைஞர்களுக்கு ஒரு மழைக்காலம் முழுதும் பயிற்சி தருவோம், சொல்லிக் கொடுக்க ஆளும் தருவோம் என்றது. உதவித்தொகைக்கு மட்டும் அதனிடம் வழியில்லை. விருப்பமுள்ள பிள்ளைகள் இலவசமாக வரலாம் என்று அறிவித்தது.

அந்த அறிவிப்பைப் படித்த நாள்முதல் சுலைஹா பீவிக்குச் சாயா கசந்தது. நம் சுமைப்பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி முடித்ததும் இடப்பள்ளி மாலுக்குப் போய்க் கைப்பேசி உறை விற்பதை அவர் ஆண்டாண்டாய்ப் பார்த்தவர். அவர்களில் எவருக்கும் மீனும் பறவையும் மரமும் பிடிக்காமலில்லை. பிடித்ததைச் செய்ய வீட்டில் அரிசி இல்லை, அவ்வளவுதான். அவர் நேரே செயற்குழுவுக்கு வந்தார். தலைவர் வெங்கிடராமன் அவர்கள் அன்று சொன்னதை அவர் அனுமதியோடே இங்கு எழுதுகிறோம்.

"என்ன சுலைஹா, சர்க்கார் நிலத்துல சர்க்கார் காடு. அதுக்கு நாம கூலி கொடுக்கறதா? கேக்கறவா சிரிப்பா."

"சிரிக்கட்டும் சாமி. சும்மா வந்து வேலை செய்யுன்னா, சும்மா இருக்க வசதி உள்ள பிள்ளைங்கதான் வரும். அதுங்களுக்குக் காடு வேணும்னா அப்பா கார்ல மூணாறு கூட்டிட்டுப் போவாரு. நம்ம பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?"

"நாங்க என்ன, காட்டு இலாகாவா?"

"குப்பை கொட்டறப்ப மட்டும் அது நம்ம இடமா இருந்துச்சே?"

ஆண்டு விருந்தைச் சுருக்கி, அந்தப் பணத்தில் ஏழு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மழைக்காலம் உதவித்தொகை தருவதென்று முடிவாயிற்று. "மழை விட்டதும் விட்டுடணும், ஆமா," என்று தலைவர் கறாராகச் சொன்னார். அவ்வாண்டு பிரியாணிக்குப் பதில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் உண்டோம். கண்டல் காட்டுக்காக நாங்கள் செய்த தியாகம் அது. மீன்குழம்பு நன்றாகவே இருந்தது.

இனி, நம் சந்தைக்காரர்களைத் தவிர உலகில் வேறெவருமே செய்திருக்க முடியாத பிழைக்கு வருகிறோம்.

பிள்ளைகள் தோணியில் போய், கண்டல் மரத்தின் அடியில் விழுந்து கிடக்கும் காய்களைச் சேகரித்தார்கள். முருங்கைக்காய்போல நீண்டு, பச்சையாய், மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டிருக்கும் காய்கள். மறுநாள் காலை நீர் வற்றும் நேரத்தில் நடவேண்டும். அதுவரை ஈரமாய் இருக்கட்டும் என்று நனைந்த சாக்குகளில் கட்டி, சங்கத்தின் கிடங்கில் அடுக்கிவிட்டு வீடு சென்றார்கள்.

மறுநாள் கர்க்கடகம் எனும் ஆடி மாதத்து வானம் கண் திறந்தது. வாரக்கணக்கில் பெய்த மழை நின்று, சுள்ளென்று வெயில். நம் சந்தையில் மழைக்காலத்து வெயில் என்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முதலாளியும் தொழிலாளியும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவோம். கிடங்குப் பொறுப்பாளர் மாரிச்செல்வம் குரல் கொடுத்தார்.

"இத்தா, மூலையில பத்துப் பன்னெண்டு மூட்டை சொட்டச் சொட்ட ஈரமாக் கெடக்கு. என்ன செய்ய?"

சுலைஹா பீவி தலை நிமிரவில்லை. முப்பது வருடப் பழக்கம் அவருக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னது. "ஈரமா கிடந்தா பூஞ்சை வைக்கும். முற்றத்துல கொட்டிப் பரத்துங்க. நல்லாக் காயட்டும்."

பரத்தினார்கள். நம் ஆட்கள் பரத்தினால் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரத்துவார்கள். அரைமணிக்கொருமுறை பலகையால் புரட்டியும் விட்டார்கள். சாலைப் பள்ளத்தில் பேருந்து பழுதாகி, பிள்ளைகள் வந்துசேர நண்பகலாயிற்று. முதலில் உள்ளே வந்தவள் ஸாதனா, நம் சுமைப்பணியாளர் ஒருவரின் மகள். முற்றத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த சோற்றுப்பொதி விழுந்தது.

"ஐயோ இத்தா! இது காயவே கூடாது! இது உசிருள்ள பொருளாக்கும்!"

சுலைஹா பீவி ஒரு காயை எடுத்து வளைத்தார். அது சுக்குப்போல ஒடிந்தது. தரமான காய்ச்சல் என்று எங்களில் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டு, அன்று முழுதும் அவர் கண்ணில் படாமல் திரிந்தார்.

காய் போனது மட்டுமா? அந்த மழைக்குள் நட்டுக் காட்டாவிட்டால் அரசு அலுவலகம் தந்த அனுமதி முடிந்துவிடும். உதவித்தொகைப் பணமும் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. பிள்ளைகள் எழுவரும் முற்றத்து ஓரத்தில் வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. "சாரமில்லை இத்தா, விடுங்க, மால்ல மறுபடி ஆள் எடுக்குறாங்களாம்," என்று ஸாதனா ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலைத்தான் சுலைஹா பீவியால் தாங்க முடியவில்லை. காப்பீட்டுக்காகவும் மருந்துக்காகவும் எத்தனையோ பேரிடம் கைநீட்டி நின்றபோதும் கலங்காத கண்கள் அன்று கலங்கின. முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒடிந்த காய்களை வாங்குவோருக்கு மிளகின் மாதிரி காட்டும் தட்டில் அள்ளிவைத்து, அன்று மாலையே செயற்குழுவைக் கூட்டினார்.

தட்டு மேசையேறியதும் தலைவர் சிரித்துவிட்டார். "பரவால்லியே, ஈரப்பதமே இல்லை. யாரு காயவெச்சது?"

"நான்தான் சாமி. சொன்னது நான். இப்ப நம்ம சந்தை வழக்கத்தை நீங்க சொல்லுங்க. நம்பி ஒப்படைச்ச சரக்கு கிடங்குல கெட்டுப்போனா யாரு பொறுப்பு?"

"கிடங்குக்காரன் பொறுப்பு. அதுல என்ன சந்தேகம்?"

"கிடங்கு யாருது?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கிடங்கு சங்கத்தினுடையது.

"கெடுத்தது நான். கிடங்கு உங்களுது. வழக்கம் நம்ம எல்லாருதும்," என்றார் சுலைஹா பீவி. "என் பங்குக்கு என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க. உங்க பங்குக்கு மகமை தாங்க."

விருந்தினர் பொருட்டு ஒரு சொல்: சந்தையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு மூட்டைக்கும் வணிகர்கள் பொதுக்காரியத்துக்கென எடுத்துவைக்கும் சிறு தொகையே மகமை. அது திருவிழாவுக்கும் விருந்துக்கும் போவதே வழமை. அரசு நிலத்து மரத்துக்கு அதிலிருந்து கொடுப்பதா என்று நால்வர் குதித்தார்கள். "மிளகு கெட்டா ஈடு கொடுப்பீங்க, பிள்ளைங்க பொழப்பு கெட்டா மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தார். அந்தப் பார்வையை அறிந்தவர்கள் கைகளை மெல்ல உயர்த்தினார்கள். அறியாதவர்கள் அன்று அறிந்துகொண்டார்கள்.

ஈடு என்றால் முழு ஈடு என்று, மறுநாள் வணிகப் பெருமக்களே பிள்ளைகளோடு தோணியேறிக் காய் பொறுக்கப் போனார்கள். தலைவர் அவர்கள் இறங்கிய வேகத்தில் முழங்கால்வரை சேற்றில் புதைந்தார். அவரை மீட்டோம், இடக்காற்செருப்பை மீட்க இயலவில்லை. பொது நிலத்தில் நம் சங்கம் செய்த முதல் நிரந்தர முதலீடு அதுவே. அந்த மழை ஓய்வதற்குள் நடவு முடிந்தது.

அதன்பின் ஆண்டுதோறும் மகமையில் ஒரு பங்கு இளைஞர் பயிற்சிக்குப் போயிற்று. இன்று அக்கண்டல்கள் நம் தலைக்கு மேல் நிற்கின்றன. அடியில் நண்டு ஓடுகிறது, மேலே கொக்கு உட்காருகிறது, குப்பை கொட்டப் போகிறவரைப் பிள்ளைகளே பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். எங்களையும் அனுப்பியிருக்கிறார்கள். முதல் அணியின் ஸாதனா இன்று புதியவர்களுக்குப் பயிற்சி தரும் களப்பயிற்றுநர். இன்னொருவன் வனவியல் படிக்கிறான். ஒருவன் மாலுக்கே திரும்பினான். அவனும் விடுமுறை நாளில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறான்.

ஆயினும் இப்பங்கு ஆண்டுக்கொருமுறை பொதுக்குழுவில் கை தூக்கித் தீர்மானிக்கப்படுவது. இவ்வாண்டுக் கூட்டம் தாம் ஓய்வுபெறுமுன்னே நடந்துவிட வேண்டும் என்று சுலைஹா பீவி துடித்தார். தலைவரோ இருமுறை ஒத்திவைத்தார். சென்ற வாரம் சாயாக் கோப்பையை வெறித்தபடி மாரிச்செல்வத்திடம் சுலைஹா பீவி சொன்னாராம்: "நான் முன்னால உக்காந்திருக்கேன்னுதான்டா இவங்க கை தூக்குறாங்க. நான் எந்திரிச்சுப் போனா கையெல்லாம் கீழ போயிரும். வர்ற மழைக்கு பிள்ளைங்க பேர் கொடுத்துட்டு நிக்குதுங்க. அதுங்ககிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

இத்தா அவர்களே! இனித் தங்களை நேரே பார்த்துச் சொல்வோம்.

தாங்கள் நேற்று மருமகளோடு இடப்பள்ளியில் இவ்விழாவுக்குச் சேலை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு சேலைக்கு ஏன் ஐந்து கடை என்று தாங்கள் வியந்திருக்கக்கூடும். தங்களை ஐந்து கடை ஏற்றி இறக்குமாறு மருமகளிடம் சொன்னவர் தலைவர். அந்நேரத்தில் இதே மண்டபத்தில் பொதுக்குழு கூடிற்று. தாங்கள் இல்லாத பொழுதில் கேட்டால்தான் இது எங்கள் விருப்பமா, தங்கள் மேலுள்ள பயமா என்று எங்களுக்கே தெரியும் என்பதற்காகவே அவர் இருமுறை ஒத்திவைத்தார்.

ஸாதனா எழுந்து வரும் மழைக்கான திட்டத்தைச் சொன்னாள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "இன்னிக்கு இத்தா இல்லையே. வேண்டாம்னு பறயலாமா?"

"தாராளமாச் சொல்லலாம்," என்றார் தலைவர். "யாரும் உம்மைப் பார்க்க மாட்டா."

பிறகு கேள்வி கேட்டவரே முதலில் கை தூக்கினார். எல்லாக் கைகளும் எழுந்தன. அத்தோடு நிற்கவில்லை, ஆண்டுதோறும் கேட்கும் வழக்கத்தையே எடுத்துவிட்டு, இளைஞர் பயிற்சிக்கான பங்கை எந்நாளும் தரவேண்டியதாய்ச் சங்கத்தின் விதியில் எழுதினோம். இனி எவர் செயலராய் வந்தாலும், எவர் தலைவராய் வந்தாலும், எவர் முகத்தை எவர் பார்த்தாலும் பாராவிட்டாலும், நம் பிள்ளைகளுக்கு நம் நிலத்தைக் காக்கும் வேலைக்குக் கூலி உண்டு.

முழங்கால் வலி தங்களை விட்டு நீங்குக. இரத்த அழுத்தம் தங்கள் சொல் கேட்டு அடங்குக. பேரப்பிள்ளைகள் தங்களிடம் பொய் சொல்லத் துணியாதிருப்பார்களாக! மழைதோறும் காயலோரத்தில் நாற்காலியிட்டமர்ந்து, நடுகிறவர்களைக் குறைசொல்லும் நலமும் குரல்வளமும் தங்களுக்கு நூறாண்டும் குன்றாதிருக்கட்டும்! தாங்கள் அஞ்சியபடி நடக்கவில்லை, இத்தா. நேற்றுத் தங்கள் இருக்கையில் யாருமில்லை; கைகள் எழுந்தன.

என்றும் தங்கள் அன்புக்கு அடங்கிய,
அலுவலரும் கிடங்குப் பணியாளரும்,
மலைச்சரக்கு வணிகர் நலச் சங்கம், மட்டாஞ்சேரி.