கல்லறையோரம் தூவிய புல் விதை

என் பெயர் எஸ்டில் நேப்பியர். வயது அறுபத்து மூன்று. கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே கேன்பிரேக் ஃபோர்க் பள்ளத்தில், பாலத்துக்கு மேலே இரண்டாவது வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். பத்தொன்பது வருடம் புல்டோசர் ஓட்டினேன். முதுகு போன பிறகு பதினோரு வருடமாக, நிலக்கரி வெட்டி முடித்த மலைகளில் விதைக் கரைசல் பீய்ச்சும் லாரி ஓட்டுகிறேன். வாக்குமூலம் கொடுக்க இந்த அரசு அலுவலகத்துக்கு என்னை யாரும் மிரட்டிக் கூட்டி வரவில்லை, நானாகத்தான் வந்தேன். காபி வேண்டாம், சீக்கிரம் முடிந்தால் போதும்.

என் அக்கா லூரீன் ஸ்டிடமுக்கு வயது எழுபத்தாறு. அவளுடைய மலையை நான் வேலை செய்யும் நிலக்கரிக் கம்பெனி குத்தகைக்கு எடுத்து வெட்டியது. அவள் வீடு இருந்த மேடும் அதில் போயிற்று. புருஷன் வழிக் கல்லறைகளை மட்டும் தொடவில்லை. வெட்டி முடித்து மண் நிரப்பிய பிறகு, 2013 செப்டம்பரில் அங்கே விதை பீய்ச்சியது நான்தான். அன்றிலிருந்து ஐந்து வருடம் பச்சை தானாக நின்றால்தான் கம்பெனி கட்டிவைத்த பிணைப் பணத்தை அரசு விடுவிக்கும், நிலமும் அக்கா கைக்குத் திரும்பும். இடையில் கம்பெனி ஆள் ஒரு பிடி விதை தூவினாலும் ஐந்து வருடம் மறுபடி முதலிலிருந்து. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை, புது ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அக்கா இப்போது மகள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். அந்த மேட்டில் சின்னதாக ஒரு வீடு போட்டுக்கொண்டு அங்கேயே சாக வேண்டும், அவள் கேட்பது அவ்வளவுதான்.

சென்ற வருடம் மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி கேட்டைத் திறந்துவிட்டது. ஜனம் எல்லாம் வந்து பூ வைத்து, பாட்டுப் பாடி, பிறகு மரத்தடியில் மேஜை போட்டுக் கோழிக்கறியும் பீன்ஸும் சாப்பிட்டோம். கல்லறை வேலிக்கு வெளியே, வருடா வருடம் கார்கள் நிற்கும் இடம் வழுக்கையாகக் கிடந்தது. அக்காவின் கொழுந்தன் வெர்லின் தட்டும் கையுமாக அங்கே போய் நின்று, "என்னய்யா எஸ்டில், ஊர் மலைக்கெல்லாம் புல்லு போடுற, எங்க அண்ணன் காலடில மட்டும் முடி கொட்டிப்போச்சே! உன் மண்டை மாதிரியே இருக்குது பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அதன் பிறகு இந்த வருடம் மார்ச் மாதம், வேலை முடிந்து வரும்போது, ஒரு காபி டப்பா நிறைய, சீக்கிரம் முளைக்கும் ரை என்கிற புல்லின் விதையைக் கொண்டுபோய் அந்த இடத்தில் கையால் தூவினேன். யாரும் பார்க்கவில்லை. மே மாதம் அது முழங்கால் அளவு நின்றது. வெர்லின் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு ஜூன் மாதம் அரசு ஆய்வாளர் ட்ரெண்ட் அம்மா வந்து, கயிறு பிடித்து அடிக்கு அடி பச்சையை எண்ணினார். வேலியோரம் வந்ததும் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கிப் பார்த்து, "இது ரை ஆச்சே, கம்பெனி கலவையில இது கிடையாதே. யார் போட்டது?" என்று கேட்டார். கூடவே நடந்துவந்த நான் தரையைப் பார்த்தேன். புருஷன் கல்லறையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவுடனே, "நான்தாம்மா போட்டேன்" என்றாள். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். போகும்போது, "இந்த இடம் மொட்டையா கிடந்திருந்தாலும் மலை தேறியிருக்குமே" என்றும் சொன்னார். எல்லாம் என் பாழாய்ப்போன வீம்பு.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, "வெளி ஆள் தூவினா வருஷக் கணக்கு உடையாது. உங்க அக்காவே வழி பண்ணிட்டாங்க, நீ வாயை மூடிட்டு இரு" என்றார். மூடிக்கொண்டு இருந்தேன்.

அதன் பிறகு ஜூலை மாதம் எங்கள் சபையில் வருடாந்தரத் திருவிருந்து நடந்தது. அப்பம் முடிந்ததும் ஒருவர் காலை ஒருவர் கழுவுவது எங்கள் வழக்கம். நாற்பது வருடமாக அக்காவின் காலைக் கழுவுகிற ஓமா, தண்ணீர்ச் சட்டியும் இடுப்பில் துண்டுமாக அவள் முன்னால் வந்து மண்டியிட்டாள். அக்கா செருப்பைக் கழற்றவில்லை. "வேணாம் ஓமா. இந்த வருஷம் என் காலு வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஓமா சட்டியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வருகிற வியாழக்கிழமை, பிணையை விடுவிப்பது பற்றிய அரசு விசாரணையில் அக்கா பைபிள் மேல் கைவைத்து அதே பொய்யைச் சொல்ல வேண்டும். எனக்காக அதையும் சொல்லுவாள். அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு வந்தேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. விதை தூவியது நான், அக்கா அல்ல. ஐந்து வருடத்தை இந்த மார்ச்சிலிருந்து மறுபடி எண்ணினால், நிலம் கைக்கு வரும்போது அவளுக்கு எண்பது தாண்டிவிடும். அதுவும் தெரிந்தேதான் சொல்கிறேன். அக்காவைக் கண் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லி அழைத்துவந்து, வெளியே என் வண்டியில் உட்கார வைத்திருக்கிறேன். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

(ஒப்பம்) எஸ்டில் நேப்பியர்
11 செப்டம்பர் 2018