உள்ளே எரிகிற விளக்கு

— இது துணிக்கடைக்குப் போடுற லைட்டுண்ணே. படகு கேபினுக்கு வேண்டாம். சொன்னாக் கேளுங்க.

— நீ வயர்மேன். நான் வாங்கிட்டு வந்ததை மாட்டு. மேல நாலு, சுக்கான் பக்கத்துல ரெண்டு. எல்லாம் வெள்ளை.

— ஆறா? இந்தக் கேபின்ல நாம மூணு பேர் நின்னதுக்கே மூச்சு முட்டுது. ஆறு லைட்டு போட்டா மீனெல்லாம் கண்ணைப் பொத்திக்கிட்டுப் போயிடும்.

— எனக்குச் சிரிப்பு வரலை. இதே கேபின்ல நின்னுதான் என் தம்பியைத் தொலைச்சேன்.

— ஏங்க, அவருக்கு அது தெரியாது. ஊருக்குப் புதுசு.

— தெரிஞ்சுக்கட்டும். போன வருஷம், ராத்திரி வலையை இழுத்து முடிச்சுட்டுத் திரும்பிக்கிட்டிருக்கோம். சின்னவன் பின்பக்கத்துலேருந்து தண்ணியில விழுந்துட்டான். உடனே படகைத் திருப்பினேன். முன்னாடி நின்னு பாத்தது இவ அண்ணன், என் மச்சான். நிலா இருந்துச்சு. கடல் தட்டு மாதிரி கிடந்துச்சு. அப்படியும் அவன் கண்ணுல படலையாம்.

— உங்க கண்ணுலயும்தான் படலை.

— நான் சுக்கானைப் பிடிச்சிருந்தேன். அவன் சும்மா நின்னான்.

— சும்மா நிக்கலை. கத்தினாரு.

— அவன் என்ன கத்தினான்னு என் வாயால சொல்ல வைக்காதே.

— சொல்லலை. ஒரு வருஷமா அண்ணன் நம்ம வாசலை மிதிக்கலை. நாளன்னைக்குப் படகைத் தண்ணியில இறக்குறீங்க. ஒரு வார்த்தை கூப்பிட்டா என்ன?

— இந்தப் படகுல அவன் கால் வைக்க மாட்டான். பேச்சு முடிஞ்சுது. வயர்மேன், இனிமே எவனும் எங்கிட்ட வந்து இருட்டு, தெரியலைன்னு சொல்லக் கூடாது. அதுக்குத்தான் ஆறு.

— மனசு சங்கடமாயிடுச்சுண்ணே. இருந்தாலும் சொல்லாம விட முடியலை. நீங்க நினைக்கிறது தலைகீழ். உள்ள வெளிச்சம் ஏற ஏற, வெளிய இருட்டு ஏறும்.

— அதெப்படி?

— வாயால சொல்றதை விடக் காட்டிடறேன். வெளிய உச்சி வெயில்தான். ஆனா பெயிண்ட் அடிக்க ஜன்னல் பூரா தார்ப்பாய் கட்டியிருக்கு, நமக்கு வசதி. அண்ணி, கதவைச் சாத்துங்க. உங்க வெள்ளை லைட்டையே பேட்டரியில மாட்டறேன். இப்போ ஜன்னலைப் பாருங்கண்ணே. என்ன தெரியுது?

— என் மூஞ்சி.

— கண்ணாடிக்கு அந்தப் பக்கம்?

— ஒண்ணும் இல்லை. மூஞ்சிதான்.

— வெளிய இருட்டு, உள்ள வெளிச்சம்னா ஜன்னல் கண்ணாடி, முகம் பாக்கிற கண்ணாடி ஆயிடும். கடலே இருந்தாலும் தெரியாது. சரி, அணைக்கறேன். என் கையில என்ன இருக்கு?

— ஒண்ணும் தெரியலை.

— அண்ணி?

— நீங்க நிக்கிறதே தெரியலை.

— அப்படியே நில்லுங்க. காலடியில என் பெட்டி இருக்கு, இடிச்சுக்காதீங்க. இருட்டுல பாக்கிறதுக்குன்னே கண்ணுக்குள்ள ஒரு சத்து ஊறும். கிணத்துல ஊத்து மாதிரி, மெதுவாத்தான் ஊறும். முழுசா ஊற அரை மணி நேரம் பிடிக்கும். பளீர்னு வெள்ளை வெளிச்சம் கொஞ்ச நேரம் பட்டாப் போதும், அவ்வளவும் வெளுத்துப் போயிடும். திரும்ப முதல்லேருந்து ஊறணும்.

— நீயும் ஊறிக்கிட்டேதான் இருக்கே. எவ்வளவு நேரம் இப்படி நிக்கிறது?

— பத்து நிமிஷம் பொறுங்கண்ணே. எனக்கு இதைக் காட்டுறதுன்னா சோறு தண்ணி வேண்டாம்.

— தம்பி, கதவு இடுக்குல கோடு மாதிரி வெளிச்சம் தெரியுது. இப்பத்தான் வந்துச்சா?

— அது அப்பவே இருந்துச்சு அண்ணி. உங்க கண்ணுதான் இப்ப வந்திருக்கு.

— மூலையில கயிறு தெரியுது. சுருட்டின கயிறு. உன் கையில ஸ்பேனர். இல்லை, கட்டிங் பிளேயர்.

— பிளேயர்தான். ஆரம்பத்துலேருந்து கையை நகர்த்தவே இல்லை. இப்போ நான் கொண்டு வந்ததைப் போடறேன். சிவப்பு. ஒண்ணே ஒண்ணு, மங்கலா. திசைகாட்டி தெரியுதா?

— முள்ளு தெரியுது.

— அணைச்சாச்சு. பிளேயர்?

— தெரியுது. அப்படியேதான் இருக்கு.

— அதுதாண்ணே விஷயம். அந்தச் சத்து சிவப்பை அவ்வளவாக் கண்டுக்காது. மங்கலா இருந்தா, ஊறினது ஊறினபடி நிக்கும். கேபின்லேருந்து வெளிய கால் வச்ச உடனே கடல் தெரியும். ஒரே ஒரு தொல்லை, கடல் வரைபடத்துல சிவப்புப் பேனாவில குறிச்சதெல்லாம் இந்த லைட்டுல மறைஞ்சு போகும். நீலத்துல குறிச்சுக்கங்க.

— தம்பி, ஒண்ணு கேக்கறேன். இதெல்லாம் படிச்சாத்தான் தெரியுமா? கடலே கதின்னு கிடக்கிறவனுக்குத் தானாத் தெரியாதா?

— காரணம் தெரியாது அண்ணி. ஆனா கண்ணுக்குப் பழகியிருக்கும். எத்தனை ராத்திரி முன்னாடி நின்னு பாத்திருப்பாங்க.

— சரி. ஒருத்தன் படகு முன்னாடி நின்னு, நிலா வெளிச்சத்துல தண்ணியையே பாத்துக்கிட்டிருக்கான். பின்னாடி கேபின்ல வெள்ளை லைட்டு பளீர்னு எரியுது. அவன் என்ன செய்வான்?

— வேற என்ன, லைட்டை அணைங்கன்னு கத்துவான்.

— கேட்டீங்களா?

— கதவைத் திறக்கவாண்ணே? ஏன் உக்காந்துட்டீங்க? அந்த வெள்ளையை வேணா ஒரு நிமிஷம் போடறேன்.

— போடாதே. இருட்டாவே இருக்கட்டும்.

— என்னாச்சுண்ணே?

— மச்சான் அதைத்தான் கத்தினான். அணைங்க, அணைங்கன்னு, தொண்டை கிழிய. சின்னவனைத் தேடுற நேரத்துல லைட்டை அணைக்கச் சொல்றானே பாவின்னு, நான் மிச்சம் இருந்த லைட்டையும் போட்டேன்.