கைபிரேக் போடாத தெரு

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, உட்கார இடமின்றி நின்றுகொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளே, நம் ஆட்சேபங்களைக் கேட்க வருகிறேன் என்று சொல்லி வராமலே போன அதிகாரிக்காகப் போட்ட காலி நாற்காலியே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"சத்தமா பேசும்மா!" சரிங்க அண்ணா. படித்த பெண் பேசட்டும் என்று மேடையில் ஏற்றிவிட்டீர்கள். பட்டம் கொடுத்தவர்கள் குரல் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

நம் தெருவில் வண்டி நிறுத்த மாநகராட்சிக்குக் கட்டும் அனுமதிக் கட்டணம் மறுபடியும் உயரப்போகிறது. அதைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் முழங்கிவிட்டார்கள். நான் கைபிரேக்கைப் பற்றிப் பேச வந்தேன்.

சிரிக்காதீர்கள். நம் தெரு குறுகல். முன்னால் நிற்கும் காரைத் தள்ளாமல் பின்னால் நிற்கும் வண்டி வெளியே போகாது. அதனால்தானே நாம் யாரும் கைபிரேக் போடாமல், நியூட்ரலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போனோம்? யார் வண்டியை யார் தள்ளினாலும் யாருக்குக் கோபம் வந்தது? என் அப்பா வீட்டுச் சாமான் ஏற்றும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். விடிந்ததும் அவர் கிளம்பும்போது, எதிர்வீட்டு மெக்கானிக் மாமா வாயில் பிரஷ்ஷோடு வந்து ஒரு கை கொடுப்பார். பால் வாங்கப் போகிற அக்கா ஒரு கை கொடுப்பார். ஒரு சாவி தேவைப்பட்டதா? ஒரு ஹாரன் ஒலித்ததா?

பிறகு தரையில் வெள்ளைக் கோடு வந்தது. கோட்டுக்குள் கட்டம் வந்தது. கட்டத்துக்குக் கட்டணம் வந்தது. கட்டணம் ஏற ஏற, கைபிரேக்கும் ஏறியது.

போன மாதம் ஒரு காலையில், மாமாவின் காரை அப்பா தள்ளப் பார்த்தார். கார் அசையவில்லை. மாமா ஓடிவந்தார்.

"கையை எடு மச்சான்! இந்த இடத்துக்குக் காசு கட்டியிருக்கேன்."

"தள்ளிட்டுத் திரும்ப விட்டுடறேன்யா. லோடு காத்துக்கிட்டிருக்கு."

"உன் லோடுக்கு என் பம்பர்தான் கெடைச்சுதா?"

இருவரும் பேசி முடிப்பதற்குள், லோடுக்காகக் காத்திருந்த வீட்டுக்காரர்கள் வேறு வண்டியில் சாமானை ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து மச்சானும் மச்சானும் பேசுவதில்லை. லோடு வண்டிக்கு இரட்டைக் கட்டணம். இனி அதுவும் ஏறினால் கட்டுப்படியாகாது என்று அப்பா வண்டியை விற்கிறார். வாங்குகிறவர் நேற்று வந்து டயரை உதைத்துப் பார்த்தார். உதை எங்கே விழுந்தது என்று அப்பாவின் முகத்தைப் பார்த்த எனக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வரிசையில் இருக்கும் மாமா, தலையைக் குனியாதீங்க. காசு கொடுத்து வாங்கிய இடத்தை யார்தான் காவல் காக்காமல் இருப்பார்கள்?

அதிகாரியிடம் தொலைபேசியில் கேட்டேன், ஏன் வரவில்லை என்று. "ஆட்சேபம்ங்கறீங்க, போன தடவை மொத நாளே எல்லாரும் வரிசையில நின்னு கட்டினீங்களேம்மா!" என்று சிரித்தார். நல்ல கட்டத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் பிடித்துவிடுவானோ என்று முண்டியடித்தவர்கள் யார்? அவர்களா? நாம்!

ஆகவே கட்டணம் குறையும் என்று நான் நம்பவில்லை. அப்பாவின் வண்டி தங்கும் என்றும் நம்பவில்லை. நாளை காலை அது கடைசி வாடகைக்குக் கிளம்புகிறது. உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இன்று வீட்டுக்குப் போனதும் கைபிரேக்கை இறக்கிவிடுங்கள். ஒரே ஒரு காலை, ஹாரன் அடிக்காமல், யார் காலிலும் விழாமல், அந்த மனிதர் இந்தத் தெருவைவிட்டு வெளியே போகட்டும்!

மாமா... மாமா, இருங்க...

எழுந்து போய்விட்டார்.

கைபிரேக்கை இறக்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும், இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டதற்கு அவருக்கும், உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.