குளவி வரும்வரை மருந்து வேண்டாம் என்றவருக்கு

பூச்சியியல் ஆய்வுக்கூடத்தின் பொறுமைப் பெருங்கடலே! இலைபடும் இன்னலை இருந்த இடத்திலிருந்தே அறிந்த எங்கள் தலைவியே! அதட்டாமல் ஆண்டு, அயராமல் உழைத்து, இன்று மாலை பணி நிறைவு பெறும் அம்மையே! வணக்கம்.

வாழ்த்தத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் வாழ்த்த வாய் திறக்கும் முன்னே பயம் முந்திக்கொள்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்த மடலை நாங்கள் எழுதும்போது சாலைக்கு அப்பாலுள்ள முட்டைக்கோஸ் தோட்டத்தில் புழு இலையைத் தின்றுகொண்டிருக்கிறது. இதை வாசிக்கும்போதும் தின்றுகொண்டுதான் இருக்கும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கள் தேடியதும் தெளிந்ததும் ஒன்றே. கத்தரிக்கோலால் வெட்டிய இலை ஒரு வாசனை விடும். புழு கடித்து அதன் எச்சில் பட்ட இலை வேறொரு வாசனை விடும். அந்த இரண்டாவது வாசனையைப் பிடித்துக்கொண்டு, கொசு அளவே உள்ள குளவி பறந்து வந்து, புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டு, அதன் ஆட்டத்தை அடக்கும். செடிக்குக் கையில்லை, காலில்லை, ஆனால் கூப்பிட ஆளுண்டு என்று தாங்கள் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். இரண்டு கிளையாகப் பிரியும் கண்ணாடிக் குழாயில் குளவியை விட்டு, கடிபட்ட இலை இருந்த பக்கமே அது திரும்பத் திரும்பப் போனதைப் பார்த்த பிறகு எங்கள் சிரிப்பு அடங்கியது.

அந்தக் குழாயின் பொருட்டு தாங்கள் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமா! பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது, பச்சை வெங்காயம் தின்றுவிட்டு உள்ளே வரக் கூடாது. புது மாப்பிள்ளையான எங்கள் கிடங்குக் காப்பாளர் சென்ட் பூசிக்கொண்டு வந்த அன்று, குளவிகளெல்லாம் திக்குத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டன. தாங்கள் கடிந்துகொள்ளவில்லை, வீட்டுக்குப் போய்க் குளித்து, மனைவியைக் கேட்டதாகவும் சொல்லிவிட்டு வரச் சொன்னீர்கள். இன்று தங்களுக்குப் பூச்செண்டு தராததற்கும் அடுத்த அறையில் நடக்கும் சோதனையே காரணம். கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனி எங்கள் பயத்துக்கு வருகிறோம். அந்த முட்டைக்கோஸ் தோட்டக்காரரும் அவர் தம்பியும் தங்கள் சொல்லை நம்பி இந்தப் பருவம் முழுவதும் பூச்சிமருந்தைத் தொடவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் அந்தத் தோட்டம்தான் சோறு. புழு வந்துவிட்டது; குளவி இன்னும் கண்ணில் படவில்லை. நேற்றுக் காலை தோட்டக்காரர் ஓட்டை விழுந்த இலை ஒன்றைக் கையில் பிடித்தபடி தங்கள் முன் வந்து நின்றார். நாங்கள் தங்களுக்குப் பின்னால் நின்றோம்.

"அம்மா, உங்களை நம்பித்தான் இருக்கோம். அது வரலைன்னா நாங்க என்னம்மா பண்றது?"

தாங்கள் தைரியமாக ஏதாவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தோம்.

"எனக்கும் பயமாத்தாம்பா இருக்கு. ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டேதான் இருந்திருக்கேன். ஆனா இப்ப மருந்து அடிச்சா, புழுவோட சேர்ந்து, வரப்போற குளவியும் செத்துரும். அப்புறம் செடி கூப்பிட்டா வர யாரும் இருக்க மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கப்பா."

இரண்டு நாள், அதாவது நாளைக் காலை வரை, பொறுப்பதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். எதற்கும் அசையாதவர் என்று இத்தனை ஆண்டுகள் நாங்கள் நினைத்திருந்த தாங்கள், உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே நின்றிருக்கிறீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபமும் இந்த மடலில் இருக்கட்டும்.

நாளைக் காலை அவர் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். தாங்கள் வர வேண்டாம். தங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் எங்களுக்கு ஆசை. அதனால்தான் வர வேண்டாம் என்கிறோம். குளவி வந்திருந்தால் ஓடி வந்து சொல்கிறோம். வராவிட்டால், அவர் முகத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று நாங்களே கேட்கிறோம். விளைச்சல் போனால், அந்த இரண்டு வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியவர்களும் இனி நாங்கள்தான்.

அன்பின் உருவே! அறிவின் திருவே! நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! நாளைக் காலை கதவு தட்டப்படும் வரை நிம்மதியாகத் தூங்குங்கள். நாங்கள் தூங்கப் போவதில்லை.

பயம் தீராத,
தங்கள் ஆய்வுக்கூட ஊழியர்கள்